கரண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே
(போடிநாயக்கனூரில் மின் பாதுகாப்பு பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மின்சாரம். அது ஆளைக் கொல்வது எப்படி? கொல்லப் போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி? கண்டுகொண்டால் தப்பிப்பது எப்படி? இந்த மூன்றையும் நம் ஊரை வைத்து, நம் மலையை வைத்து, நாம் அன்றாடம் செய்யும் வேலையை வைத்துப் பேசப் போகிறேன்.

மின்சாரத்தோடு நமக்குப் பகை இல்லை. நம் மாவட்டத்துக்கே அது ஒரு பெருமை. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் விழுந்து, 1950களின் இறுதியிலிருந்து நமக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பள்ளிவாசல் என்ற ஊரில் 1940இலேயே மின்நிலையம் வந்துவிட்டது. இடுக்கி மின்திட்டம் 1976இல் வந்தது. எல்லாம் இந்த மலையில் பெய்கிற மழை. அந்த மழைதான் நம் வீட்டில் விளக்காக எரிகிறது. அதே மழைதான் நம் உடம்பை நனைத்து, நம்மைக் கரண்டுக்குக் காட்டியும் கொடுக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஒவ்வொரு ஆண்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல்! நாம் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்திருக்கும்.

அப்படி ஒரு சாவு நடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “விதி முடிந்தது, போய்ச் சேர்ந்தான்” என்கிறோம். விதியா? இரும்பு ஏணியைக் கரண்ட் கம்பிக்குக் கீழே நிமிர்த்தியது விதியா? தோல் உரிந்த வயரைப் பாலித்தீன் காகிதத்தால் சுற்றி வைத்தது விதியா? மூணு பின் பிளக்கில் ஒரு பின்னை ஒடித்துவிட்டுச் சொருகியது விதியா? விதி என்று சொல்லிவிட்டால் அடுத்த சாவுக்கும் நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் முன்கூட்டியே அடைத்திருக்கக்கூடிய ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைகளை இன்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், மின்சாரம் என்ன செய்கிறது? நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அது எப்போதும் திரும்பிப் போக ஒரு வழி தேடுகிறது. நியூட்ரல் வயர் ஒரு வழி. பூமி இன்னொரு வழி. நீங்கள் ஒரு கையால் கம்பியைத் தொட்டு, காலால் மண்ணை மிதித்தால் நீங்களே அந்த வழி. கரண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே நாம் நிற்கக் கூடாது. நான் பேசப்போகிற அத்தனையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

உடம்பு வழியே எவ்வளவு கரண்ட் போனால் ஆபத்து? மின்னோட்டத்தை ஆம்பியரில் அளக்கிறோம். ஒரு ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் போனால் லேசாகக் கூசும். பத்து போனால் கைத்தசை இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. “கரண்ட் பிடித்து இழுத்தது” என்கிறார்களே, உண்மையில் கை தானாக மூடிக்கொள்கிறது. முப்பதைத் தாண்டினால் மூச்சு திணறும். ஐம்பதிலிருந்து நூறுக்குள் இதயம் தாளம் தவறிப் படபடக்கத் தொடங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பழைய அறுபது வாட் குண்டு பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பாதிகூட வேண்டாம் ஒரு மனிதனைச் சாய்க்க.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கேதான் என் பேச்சின் மையம் இருக்கிறது.

போடி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மலை உச்சியில் கொட்டும்போது இங்கே காற்றும் சாரலும்தான். தரை காய்ந்து கிடக்கும். செருப்பு காய்ந்திருக்கும். கையும் காய்ந்திருக்கும். அந்த நிலையில் ஒருவர் லீக் அடிக்கும் கிரைண்டரைத் தொடுகிறார். அவர் உடம்பும் செருப்பும் தரையும் சேர்ந்து 46,000 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 46,000ஆல் வகுத்தால் ஐந்து மில்லி ஆம்பியர். சுள்ளென்று இழுக்கும். கையை உதறிவிட்டு, “கொஞ்சம் ஷாக் அடிக்குது, வேறொண்ணும் இல்ல” என்று வேலையைப் பார்ப்பார்.

அதே ஆள் மறுநாள் விடியற்காலையில் ஜீப் ஏறுகிறார். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போடிமெட்டு. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. அங்கே மழை ஊற்றுகிறது. ஏலத்தட்டை நனைந்திருக்கிறது. மண் சேறாகக் கிடக்கிறது. சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 230 மில்லி ஆம்பியர்! அதே கரண்ட், அதே ஆள், அதே மாதிரி ஒரு லீக். கீழே சுள்ளென்று இழுத்தது, மேலே உயிரைக் குடிக்கிறது.

கீழே பிழைத்த பழக்கம் மேலே பிழைக்காது. இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு போனால் போதும். “எத்தனை வருசமா இப்படித்தானே தொடுறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உங்கள் திறமை இல்லை, காய்ந்த தரை. தரை ஒரு நாள் நனையும்.

மேலே தோட்டத்தில் முதல் எமன் யார்? ஏணி. மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிக்கிறோம். மிளகு பறிக்க ஏறுகிறோம். கனம் குறைவு என்று அலுமினிய ஏணி வாங்கிவிட்டார்கள். ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரண்டு பேர் இருபதடி ஏணியை நிமிர்த்துகிறார்கள். ஒருவர் அடிக்காலை மிதித்துப் பிடித்திருக்கிறார். மற்றவர் தோளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். “மாமா, சறுக்குது, பள்ளத்துப் பக்கம் சாய்ங்க!” “நீ காலை விடாம மிதிப்பா!” இருவர் கண்ணும் எங்கே இருக்கிறது? ஒருவர் கண் சேற்றில், இன்னொருவர் கண் கிளையில். இலைகளுக்கு நடுவே ஓடும் 11,000 வோல்ட் கம்பியை யாருமே பார்க்கவில்லை. ஏணித் தலை அதை நெருங்கினாலே போதும், முட்டக்கூட வேண்டாம். பிடித்திருந்த இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

“கம்பி சட்டப்படி உயரத்தில்தானே இருக்கிறது?” என்று கேட்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சாலை அல்லாத இடங்களில் 11,000 வோல்ட் கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. 4.6 மீட்டர் என்றால் பதினைந்து அடி. ஏணி இருபதடி! கம்பி சட்டப்படியே இருந்தாலும் ஏணி தொட்டுவிடும். மலைச்சரிவில் இன்னொரு சங்கதி உண்டு. கம்பத்தைப் பள்ளத்தில் நட்டிருப்பார்கள். பள்ளத்தில் நிற்பவனுக்குக் கம்பி வானத்தில் தெரியும். மேட்டில் நிற்பவனுக்கோ கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். மேட்டில் நின்று ஒரு வாதுக் கம்பை ஓங்கினாலே தொடும்.

ஆகவே, ஏணியைத் தூக்குமுன் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி, இரும்புக் குழாய் எதுவுமே வேண்டாம். மூங்கில் ஏணிதான் என்று தைரியமும் வேண்டாம். மழையில் நனைந்த மூங்கிலும் 11,000 வோல்ட்டுக்கு வழிவிடும். கம்பிக்குப் பக்கத்து மரத்தில் கிளை கழிக்க வேண்டுமென்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் கழிக்க வேண்டும். “ஒரு வாதுதானே, வெட்டிட்டு வந்துருப்பா” என்று கங்காணி சொன்னால், “லைன நிறுத்தச் சொல்லுங்கண்ணே, பிறகு ஏறுறேன்” என்று சொல்லுங்கள். இது பயம் இல்லை. தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு.

ஏணியைப் போலத்தான் குழாயும். கோடையில் ஏலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கீழே தோப்பில் போர் மோட்டாரைக் கழற்ற இருபதடிக் குழாயை மேலே இழுக்கிறோம். குழாயைத் தோளில் படுக்கை வாட்டில் தூக்கினால் பிழைத்தோம். நிமிர்த்தினால் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்து ஏலக்காய் உலர்த்தும் டிரையர். பச்சைக் காய் கழுவி உள்ளே போகிறது. தண்ணீர் சொட்டுகிறது, தரை ஈரம், காற்றெல்லாம் நீராவி. ராத்திரி முழுக்க ஓட வேண்டும். த்ரீ பேஸ் மோட்டார், வெறுங்காலோடு ஓர் ஆள். மோட்டாருக்குள் வயர் தோல் கருகி இரும்பு உடம்பைத் தொட்டால், டிரையர் முழுவதும் கரண்ட். அந்த நேரத்தில் எர்த் சரியாக இருந்தால் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போய், ஃப்யூஸ் உருகிப் போகும். எர்த் இல்லாவிட்டால் கதவைத் தொடும் ஆள்தான் எர்த். மலையில் எர்த் அடிப்பது எளிதல்ல. ஓரடி மண், அதற்குக் கீழே பாறை. பாறை கரண்டை வாங்காது. ஆகவே ஈரம் நிற்கும் ஆழமான மண் பார்த்துக் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அளந்து பார்த்துச் சான்று வாங்க வேண்டும். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பியை நட்டுவைத்த மட்டில் எர்த் ஆகிவிடாது.

தோட்டத்தில் மழையோடு கரண்ட் போய்விடும். உடனே ஜெனரேட்டரைப் போடுகிறோம். அங்கே ஒரு பெரும் பாவம் நடந்துவிடக் கூடும். மெயின் லைனையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், நேரே வீட்டு வயரில் ஜெனரேட்டரைச் சொருகிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும். ட்ரான்ஸ்பார்மர் வழியே தலைகீழாக ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிவிடும். கொட்டும் மழையில், விழுந்த மரத்தை விலக்கி, நமக்கு வெளிச்சம் தருவதற்காக ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். அவரைக் கொல்வது நம் ஜெனரேட்டர். ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செலவை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தலாமா?

மலையை விட்டு இறங்குவோம். போடிக்கு வருவோம். ஏலக்காய் ஸ்டோரில் சலிக்கும் இயந்திரம், பாலிஷ் போடும் இயந்திரம். பக்கத்திலேயே இலவம் பஞ்சு ஆலை. நம் ஊர்ப் பஞ்சு மெத்தை தலையணைக்கு ஊரெல்லாம் பேர். அந்தப் பஞ்சின் நுண்ணிய தூசு எங்கே போய்ப் படிகிறது? சுவிட்ச் போர்டின் உள்ளே, மோட்டாரின் விசிறிக் கூண்டில். ஒரு திருகு தளர்ந்தால் அந்த இடம் சூடேறும். பிளக் கறுக்கும், கருகிய வாடை வரும், விளக்கு மினுக்கும். இந்த மூன்றும் மின்சாரம் நமக்கு முன்கூட்டியே தரும் எச்சரிக்கை. பஞ்சுக் கிடங்கில் அந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தினால் அடுத்து வருவது நெருப்பு. வாரம் ஒரு முறை மெயினை அணைத்து, தூசி தட்டி, திருகுகளை வயர்மேனைக் கொண்டு இறுக்குங்கள். பஞ்சு மூட்டையைச் சுவிட்ச் போர்டுக்கு அடியில் அடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் வருகிறேன். தாய்மார்களே, இதை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

மலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குளிர் தாங்காது. பிள்ளையைக் குளிப்பாட்ட வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போடுகிறோம். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிறோம். அந்த ஒரு விரலில் எத்தனை உயிர் போயிருக்கிறது! ராடைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பிறகு சுவிட்ச் போடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பிறகே தண்ணீரில் கை வையுங்கள். ராடு எரியும்போது குழந்தை அந்தப் பக்கம் போகவே கூடாது.

துணி காயப்போடக் கொடிக்கு இரும்புக் கம்பி கட்டுகிறோம். ஒரு முனை ஜன்னல் கம்பியில், இன்னொரு முனை சர்வீஸ் வயர் வரும் குழாயில். காற்றில் ஆடி ஆடி சர்வீஸ் வயரின் தோல் தேய்கிறது. ஒரு மழை நாளில் கொடிக்கம்பி முழுக்கக் கரண்ட். ஈரத் துணி, ஈரக் கை, ஈர மண். ஒரு தாய் விழுகிறாள். “அம்மா!” என்று ஓடிவந்து பிடித்த மகளும் விழுகிறாள். இப்படி ஒரே கொடியில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாம் படித்திருக்கிறோம். தீர்வு என்ன விலை? நைலான் கயிறு! இன்று இரவே இரும்புக் கொடியை அறுத்து எறியுங்கள்.

மூணு பின் பிளக்கில் மேலே தடித்து நீண்டு இருக்கிறதே, அதுதான் எர்த் பின். அது ஏன் நீளம்? சொருகும்போது அதுதான் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. அதாவது கரண்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும். அந்தப் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டையில் சொருகுகிறோம். கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி எதையும் எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள். தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? அன்றே நிறுத்துங்கள். “லேசாத்தான் அடிக்குது” என்று செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டாதீர்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி. “எங்க வீட்ல ட்ரிப்பர் இருக்கு, பயமில்லை” என்கிறார்கள். அது எந்த ட்ரிப்பர்? எம்.சி.பி. என்பது ஆறு ஆம்பியர், பத்து ஆம்பியர் அளவைத் தாண்டினால் விழும். ஆறு ஆம்பியர் என்றால் ஆறாயிரம் மில்லி ஆம்பியர். ஆளைச் சாய்க்க நூறு போதும் என்று சொன்னேனே! நூறு போகும்போது எம்.சி.பி. அசையவே அசையாது. எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. அது வேறு கருவி. சுங்கச்சாவடியில் போன வண்டியையும் வந்த வண்டியையும் எண்ணுவதுபோல, வெளியே போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். சில நாள் கூலிதான் அதன் விலை. ஆனால் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே கருவி இருக்கிறது என்று கவனத்தை விட்டுவிடாதீர்கள்.

பழைய வீடுகளில் ஃப்யூஸ் கட்டை உண்டு. ஃப்யூஸ் போனால் என்ன செய்கிறோம்? வயரில் நாலு செப்பு இழை உரித்து முறுக்கிக் கட்டிவிடுகிறோம். ஃப்யூஸ் உருகுவதற்காகவே இருக்கிறது. உருகாத ஃப்யூஸ் போட்டால், ஃப்யூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். ஓலையும் பலகையும் பற்றும்.

தெருவுக்கு வருவோம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு. 2022 ஏப்ரல் 27, அதிகாலை. அப்பர் சதய விழாவில் தேர் வீதிவலம் வருகிறது. தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியது. பதினொரு பேர், அதில் குழந்தைகளும், பக்தியோடு தேரைத் தொட்டபடி செத்துப்போனார்கள். நம் ஊரிலும் திருவிழா உண்டு, சப்பரம் உண்டு, பந்தல் உண்டு, இரும்புச் சட்டம் வைத்த பெரிய பேனர் உண்டு, கட்சிக் கொடிக்கம்பம் உண்டு. திருவிழாக் கமிட்டியார் எத்தனையோ விஷயம் கூடிப் பேசுகிறீர்கள். தேர் உயரம் என்ன, வீதியில் கம்பி உயரம் என்ன என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். வீதிவலம் முடியும்வரை அந்த வீதியில் லைனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் தேவலக்கரை என்ற ஊர். 2025 ஜூலை 17. எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயதுப் பையன். பள்ளி சைக்கிள் கொட்டகைக் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறினான். கூரைக்கு மேலே தாழ்வாகக் கரண்ட் கம்பி ஓடியது. கால் தடுமாறியது, கை பிடித்தது, முடிந்தது. அந்தக் கம்பி அன்று காலையில் வந்ததா? ஆசிரியர்கள் பார்த்தார்கள், பெற்றோர் பார்த்தார்கள், ஊழியர்கள் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்த கம்பியை யாரும் அகற்றவில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நாளைக் காலை போய் அண்ணாந்து பாருங்கள். கட்டடத்துக்கு மேலே போகும் 11,000 வோல்ட் கம்பிக்கு 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் 1.2 மீட்டர் வேண்டும். இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள்.

மழையில் கம்பி அறுந்து கிடந்தால்? பக்கத்தில் போகாதீர்கள். பத்து மீட்டருக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள். கம்பியைத் தொட்டால்தான் ஷாக் என்பதில்லை. அது விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலேயே கரண்ட் பரவியிருக்கும். அகலக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே வோல்ட் இருக்கும். தெரியாமல் கிட்டத்தில் போய்விட்டால், இரண்டு காலையும் ஒட்டிவைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம். அதனால்தான் மாடு முதலில் விழுகிறது. அதைத் தூக்கப்போய் ஆளும் விழுகிறார். அந்த இடத்தில் ஆளை நிறுத்தி மற்றவர்களைத் தடுத்துவிட்டு, தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987, கேரளப் பக்கம் என்றால் 1912 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

மலையடிவாரத்து விவசாயிகளிடம் ஒரு வார்த்தை. காட்டுப்பன்றி வெள்ளாமையை அழிக்கிறது. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அதற்காக வீட்டுக் கரண்டை எடுத்து வேலியில் விடாதீர்கள். தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் 2023 மார்ச்சில் அப்படி விட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்களும் விழுந்ததுண்டு. சோலார் வேலி வேறு. அதில் கரண்ட் விட்டு விட்டு, நொடியின் சிறு பின்னத்தில் தட்டிவிட்டு நிற்கும். பிடித்த கையை எடுக்க அவகாசம் தரும். அதற்கென்றே தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்து, தரமான கருவி வைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டிப் போடுங்கள்.

வானத்துக் கரண்டும் உண்டு. ஐப்பசி, சித்திரை மாதங்களில் மலையில் பிற்பகல் இடி இறங்கும். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது கிட்டத்தில் இருக்கிறது. காய் எடுப்பை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரை போட்டு மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். நெட்டை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். முப்பது நிமிடக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் மீறி ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்? முதலில் அவரைத் தொடாதீர்கள். பாசம்தான் இரண்டாவது உயிரை வாங்குகிறது. ஓடிப்போய் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், வீட்டுக் கரண்ட் என்றால் மட்டும், காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். உயர் அழுத்தக் கம்பி என்றால் கட்டையோடும் போகாதீர்கள். லைனை நிறுத்தும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மீட்டவுடன் 108. மூச்சு இல்லையென்றால் காலைத் தேய்த்துக்கொண்டும் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் நேரத்தைப் போக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் பூப்பாறையிலிருந்து வளைவு வளைவாக வந்து சேரும்வரை ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள். தாளம் தவறிய இதயத்துக்குப் பதிலாக உங்கள் கைதான் ரத்தத்தை ஓட்டுகிறது.

தோழர்களே, தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் மேடையை விட்டு இறங்கினால் பாதிதான் பேசியவன் ஆவேன். சேற்றில் நிற்பவனிடம் “காய்ந்த இடத்தில் நில்” என்று சொல்வதில் என்ன நியாயம்? டிரையருக்கு எர்த் போடுவது முதலாளியின் கடமை. லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆர்.சி.சி.பி. வைப்பது முதலாளியின் கடமை. கிளை கழிக்கும் நாளில் லைனை நிறுத்த மனுக் கொடுப்பது முதலாளியின் கடமை. தாழ்ந்த கம்பியைத் தூக்குவதும், காட்டு வழியில் தோல் மூடிய கம்பி போடுவதும் மின்வாரியங்களின் கடமை. உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டே வேலை செய்வது நம் கடமை. இவை எதுவும் யாரும் யாருக்கும் போடும் பிச்சை இல்லை. மலையேறிப் போனவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பது அவர் கூலியில் ஒரு பகுதி. அதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆகவே இன்று இரவே தொடங்குங்கள். வீட்டுக்குப் போனதும் இரும்புக் கொடியை அவிழுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் ‘டி’ என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் அது உயிரோடு இருக்கிறது, விழாவிட்டால் நாளையே மாற்றுங்கள். இல்லாதவர்கள் அடுத்த சம்பளத்தில் முதல் செலவாக அதை எழுதுங்கள். நாளைக் காலை ஜீப்பில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கூட்டத்துக்கு வராத பத்துப் பேருக்கு, இங்கே கேட்டதில் ஒன்றையாவது சொல்லுங்கள். அணைத்துவிட்டுத் தொடு, அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூக்கு, நனைந்திருந்தால் தொடவே தொடாதே என்று நம் பிள்ளைகள் பாடமாகச் சொல்லும் நிலையைப் போடியிலும் ஏலமலையிலும் நாம் உண்டாக்குவோம். ஒரு மழைக்காலம் முழுவதும் நம் ஊரில் கரண்டுக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை என்ற செய்தியை இதே மண்டபத்தில் கூடிச் சொல்லுவோம். அதற்கான வேலை இன்று தொடங்கட்டும்.